வெளுத்த ஒயில்

முகத்துவாரம், கொழும்பு 15
ஜூலை

அன்புள்ள சிவா,

பொங்கலுக்குப் பிறகு ஒரு வரியும் எழுதவில்லை. ஏசுவதை ஏசிவிடு, அதோடு சரி. அம்மா சுகம், முழங்கால்தான் முரண்டு பிடிக்கிறது. சின்னவளின் பரீட்சை முடிந்ததில் வீட்டில் சத்தம் திரும்பியிருக்கிறது.

இப்போது விஷயம். படகின் பின்னால் மாட்டுகிற அவுட்போர்டு எஞ்சினுக்கு நானே ஒயில் மாற்றினேன். “அவுட்போர்டுக்கு என்னடா ஒயில் மாற்றுவது, பெற்றோலில் கலந்து குலுக்கினால் முடிந்தது” என்று நீ சொல்வது இங்கே கேட்கிறது. அது உன் கிழட்டு டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு. என்னுடையது ஃபோர் ஸ்ட்ரோக், ஒயில் தனியாக உள்ளே நிற்கும், ஐயா! 100 மணித்தியாலம் ஓடினால், ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு தடவை, மாற்றியே ஆக வேண்டும். போன வருடம் ஒருவர் மாற்றியதாகச் சொல்லிக் காசு வாங்கினார். அடித் திருகைக் கழற்ற நான் பட்ட பாட்டைப் பார்த்தால், அவர் அதைத் தொட்டிருக்கவே மாட்டார்.

பஞ்சிகாவத்தையில் கார் ஒயிலைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். டப்பாவில் எஃப்சி-டபிள்யூ என்று போட்டிருக்கும் படகு ஒயில்தான் வேண்டும் என்று நின்று வாங்கினேன், 10டபிள்யூ-30. எஞ்சினைத் தண்ணீர்ப் பீப்பாவுக்குள் இறக்கிக் கொஞ்சம் ஓடவிட்டேன். சூடேறினால் அழுக்கையும் இழுத்துக்கொண்டு வடியும். வெறும் தரையில் ஓடவிட்டால் தண்ணீர் பம்பின் ரப்பர் கருகிவிடும், ரவி ஒருமுறை காட்டினானே! கறுப்பாக வடிந்தது. புது ஃபில்டர், புது வாஷர், எஞ்சினை நிமிர்த்தி வைத்துக் கம்பியில் அளவு பார்த்து ஊற்றியாயிற்று. பழைய ஒயிலைக் கலனில் அடைத்துக் கராஜுக்குக் கொடுத்தேன். வாய்க்காலில் ஊற்றச் சொன்ன அத்தானோடு ஒரு சண்டை, அதை நேரில் சொல்கிறேன்.

அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதம் தற்பெருமையோடு முடிந்திருக்கும். கீழே புரொப்பெல்லரைச் சுழற்றுகிற கியருக்கான ஒயிலையும் பார்ப்போம் என்று அடித் திருகைத் திறந்தேன். பால் தேத்தண்ணீர் நிறத்தில் வந்தது மச்சான். தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. புரொப்பெல்லரைக் கழற்றினால் தண்டைச் சுற்றித் தங்கூசி, அதுதான் மீன்பிடி நைலான் நூல், இறுகி, தண்ணீர் புகாமல் தடுக்கிற சீல் வளையத்தை அறுத்திருக்கிறது. வெளியே ஒன்றும் தெரியவில்லை, சத்தமும் இல்லை. இப்படியே ஓடியிருந்தால் பல்லுச் சக்கரமும் பெயாரிங்கும் துருப்பிடித்து ஒருநாள் இறுகியிருக்கும். அது களனி கங்கை கடலில் விழுகிற இடத்தில், இந்தத் தென்மேல் காற்றில் நடந்திருந்தால்? அன்று பெரியவரோடு நாம் இருவரும் பட்டது உனக்கு மறந்திருக்காது. எனக்கு இரண்டு நாளாக நித்திரை சரியில்லை.

சீல் மாற்றுவதற்கு ஆளைப் பிடித்திருக்கிறேன், அதை நான் தொடமாட்டேன். புது கியர் ஒயிலை மட்டும் நானே ஏற்றுவேன். அடித் துளை வழியாக, மேல் துளையில் குமிழி இல்லாமல் வழியும் வரை. பிறகு மேல் திருகை முதலில் பூட்ட வேண்டும், அப்போதுதான் கீழே அடைப்பதற்குள் எல்லாம் கொட்டிப் போகாது.

உன் கிழட்டு எஞ்சினுக்கும் கியர் ஒயில் உண்டு, அதற்குப் பெற்றோல் கலவை போய்ச் சேராது. திருகோணமலையில் இப்போது கடல் அமைதி, நீ தினமும் இறங்குவாய். இந்தக் கிழமையே புரொப்பெல்லரைக் கழற்றித் தங்கூசி இருக்கிறதா என்று பார். அடித் திருகையும் திற. என்ன நிறத்தில் வந்தது என்று எழுது. “பார்த்தேன், நல்லாயிருக்கு” என்று ஒப்புக்கு எழுதினால் வசந்தியிடம் கேட்டுவிடுவேன்.

அன்புடன்,
குமார்