வீட்டைக் காலி செய்யும்போது கசெட்டுகளை எறிந்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொட்டாஞ்சேனையில் ஒலிக்கருவிகள் திருத்தும் சிறிய கடை ஒன்றை நீண்ட காலமாக நடத்திவருகிறேன். அம்பிளிஃபயர், கசெட் டெக், ரெக்கோர்ட் பிளேயர் என்று எது பழுதானாலும் கொண்டுவருவார்கள். இப்போதெல்லாம் திருத்த வருகிறவர்களோடு சேர்த்து, யோசனை கேட்கவும் நிறையப் பேர் வருகிறார்கள். பெரும்பாலும் இளம் பிள்ளைகள். "அங்கிள், ஸ்பொட்டிஃபை போதுமா, இல்லாவிட்டால் ரெக்கோர்ட் பிளேயர் ஒன்று வாங்கவா? எதில் சத்தம் நல்லாயிருக்கும்?" என்று கேட்பார்கள். கடையில் நின்றபடி அரைகுறையாகச் சொன்ன பதிலை ஒருமுறை முழுதாக எழுதிவிடலாம் என்று நினைத்தேன். நம் ஆட்கள் வாசிக்கிற பத்திரிகை என்பதால் உங்களுக்கு அனுப்புகிறேன்.

என் அனுபவத்தில், எதில் சத்தம் நல்லது என்பதைக் கடைசியில் கேட்டால் போதும். நீங்கள் கேட்க ஆசைப்படும் பதிவு இணையத்தில் இருக்கிறதா, இருந்தால் அது அசல் பதிவுதானா என்று முதலில் பாருங்கள். இது தெரிந்துவிட்டால் மீதி முடிவு தானாக வந்துவிடும்.

ஆனாலும் சத்தத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்குக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 1982இல் இறுவட்டு (சீடி) வந்தபோது, ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதவேண்டும் என்று வைத்தார்கள். இடது, வலது என்ற இரண்டு தடங்களையும் சேர்த்தால் நொடிக்கு 1,411 கிலோபிட். மனிதக் காதுக்கு எட்டக்கூடிய 20,000 ஹேர்ட்ஸ் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். என் வயதுக்காரர்களுக்கு அந்த மேல் எல்லை எப்போதோ இறங்கிவிட்டது. ஸ்பொட்டிஃபை 2021இல் இலங்கைக்கு வந்தபோது, கட்டணம் கட்டுவோருக்கு நொடிக்கு அதிகபட்சம் 320 கிலோபிட் கொடுத்தது. அதே ஆண்டு அப்பிள் மியூசிக் மேலதிகக் கட்டணம் இல்லாமல் இழப்பில்லாத ஒலியை, அதாவது சுருக்கினாலும் எதுவும் விடுபடாத ஒலியைக் கொடுத்தது. இறுவட்டுக்கு ஒரு துளியும் குறையாத ஒலி இன்று கைப்பேசியிலேயே கிடைக்கிறது. இதை ஒத்துக்கொள்ளாமல், ரெக்கோர்ட்டுக்கு நிகர் எதுவும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பது நியாயமில்லை.

ஒன்று மட்டும் கவனியுங்கள். இழப்பில்லாத ஒலிக்குக் காசு கட்டிவிட்டுப் புளூடூத் ஹெட்போனில் கேட்கிறவர்கள் பலர். புளூடூத் வழியே போகும்போது பாட்டு மறுபடி சுருக்கப்படுகிறது. வயர் உள்ள ஹெட்போன் ஒன்று வாங்குங்கள், அந்தச் சுருக்கம் இருக்காது. டேட்டாவையும் பாருங்கள். 45 நிமிட இசைத்தொகுப்பு ஒன்று 320 கிலோபிட்டில் நூறு மெகாபைட்டைச் சற்றுத் தாண்டும். இழப்பில்லாத ஒலியில் அதுவே அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு. 100ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதி நெடுகப் போகும்போது அந்தச் செலவு வீண். எஞ்சின் இரைச்சலுக்குள் அந்த நுணுக்கம் எதுவும் கேட்காது.

ரெக்கோர்ட் பிளேயர் வாங்க நினைக்கும் பிள்ளைகளுக்கு: அமெரிக்காவில் 2022இல் 41 மில்லியன் ரெக்கோர்ட்டுகள் விற்றன, இறுவட்டுகள் 33 மில்லியன்தான் விற்றன. அந்த அலை இங்கேயும் வந்திருக்கிறது. ஆனால் சூட்கேஸ் வடிவில் வரும் மலிவான பிளேயர்களை நம்பாதீர்கள். என் மேசைக்கு வந்தவற்றில் ஊசியின் பாரத்தை அளந்து பார்த்தால் 5 கிராம் அளவில் நிற்கும். நல்ல பிளேயரில் 2 கிராம் சுமாராக இருக்கும். பாரத்தைக் குறைக்க அவற்றில் திருகும் கிடையாது. அப்பப்பா காலத்துத் தட்டை ஆசையோடு அதில் போட்டால், ஒவ்வொரு முறையும் பள்ளத்தின் சுவர் தேயும். இன்னொன்று, இன்று வரும் புதுத் தட்டுகளில் பெரும்பாலானவை டிஜிட்டல் மூலத்திலிருந்தே வெட்டப்படுகின்றன. முழுக்க அனலொக் என்று வாடிக்கையாளர் நம்பி அதிக விலை கொடுத்த அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி தட்டுகளிலேயே தயாரிப்பின் நடுவில் டிஜிட்டல் கட்டம் ஒன்று இருந்தது 2022இல் வெளியே வந்தது. புதுப்பாட்டுக்காக ரெக்கோர்ட் வாங்கத் தேவையில்லை என்பதே என் முடிவு. வீட்டில் பழைய தட்டுகள் இருந்தால், அல்லது தட்டுக்காகவே பதியப்பட்ட பழைய இசை வேண்டுமென்றால், நல்ல பிளேயராக வாங்குங்கள். காசு குறைவென்றால் பாவித்த இறுவட்டு பிளேயர் ஒன்று எடுங்கள். இறுவட்டுகளை இப்போது யாரும் சீண்டுவதில்லை, அதனால் மலிவாகக் கிடைக்கின்றன.

இனி அசல் பதிவா என்ற விஷயம். பழைய பாட்டு ஒன்றைத் தேடினால் ஒரே பெயரில் ஐந்தாறு வரும். ஒன்று மூல நாடாவிலிருந்து எடுத்தது. இன்னொன்று பின்னாளில் 'ரீமாஸ்டர்' செய்து சத்தத்தை உயர்த்தியது. அதில் மெதுவான இடமும் உரத்த இடமும் ஒரே மட்டத்தில் நிற்கும், பாடகர் மூச்சை உள்வாங்கும் ஓசைகூடப் பாட்டளவுக்கு எழும்பி நிற்கும். வேறொன்று யாரோ தம் வீட்டு கசெட்டிலிருந்து ஏற்றியது. இதில்தான் எனக்குப் பெரிய மனக்குறை. டெக்கின் வேகம் நூற்றுக்கு ஆறு கூடினால் சுருதி அரைச்சுரம் ஏறிவிடும். மோட்டார் திருகைச் சரிசெய்யாத டெக்கில் பதிந்து ஏற்றிய பாட்டுகள் இணையத்தில் ஏராளம். பாட்டுப் படிக்கும் பிள்ளைகள் அதைக் கேட்டு அந்தச் சுருதியையே பாடகரின் சுருதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டில் சுருதிப் பெட்டி இருந்தால் ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.

இவ்வளவும் உலகத்துக்குப் பொதுவானது. எங்களுக்கென்று உள்ள பிரச்சினை வேறு. எங்கள் பதிவுகளில் பெரும்பகுதி இணையத்தில் இல்லவே இல்லை.

எழுபதுகளில் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்றோர் பாடிய பொப்பிசை இந்த நகரத்தின் மேடைகளை எப்படி ஆட்டியது என்பதை என் வயதுக்காரர் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் காலத்து முதற்பதிவைத் தேடினால், பிற்காலத்தில் வேறு வாத்தியங்களோடு திரும்பப் பாடியவையே முன்னால் வருகின்றன. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரலுக்காகவே தமிழ்நாட்டிலும் றேடியோவைத் திருப்பிவைத்துக் காத்திருந்தார்கள். அந்த நிகழ்ச்சிகளை, வானொலி நாடகங்களை, நடுவில் வந்த விளம்பரங்களோடு சேர்த்து வீட்டில் கசெட்டில் பதிந்து வைத்தவர்கள் எத்தனையோ பேர். அப்படிப்பட்ட கசெட்டுகள் இன்னும் என் கடைக்கு வருகின்றன. அவற்றுக்கு விலையும் இல்லை, பட்டியலும் இல்லை. எந்த நிறுவனமும் உரிமம் எடுத்து அவற்றை ஸ்ட்ரீமிங்கில் ஏற்றப்போவதும் இல்லை.

தவிலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். தவில் வித்துவான் அளவெட்டி வி. தட்சணாமூர்த்தி 1975இல் மறைந்தார். அவரை நேரில் கேட்காத தலைமுறைக்கு அவருடைய வாசிப்பு கிடைப்பது பெரும்பாலும் யாரோ பதிந்து கைமாறிக் கைமாறிப் பிரதியான நாடாக்களில்தான். தவில்காரர் விரல்களில் கூடு மாட்டி வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோலில் அடிக்கும்போது நாதம் வெடித்து எழும். 128 கிலோபிட் எம்பி3யில் அந்த அடியைக் கேளுங்கள். அடி விழுவதற்கு ஒரு கணம் முன்பே மெல்லிய இரைச்சல் ஒன்று படர்ந்துவிடும், அடியின் கூர் மழுங்கிப்போகும். வேகமான சொற்கட்டு வந்தால் ஒரு சொல்லும் அடுத்த சொல்லும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதே வாசிப்பை மூன்றாம் பிரதியான கசெட்டில் கேட்டால் இரைச்சல் நிறைய உண்டு, மேல் ஒலிகள் தேய்ந்திருக்கும், ஆனால் அடி அடியாகவே விழும். சினிமாப் பாட்டுக்கு 128 போதும் என்று சொல்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். தவிலையும் நாதஸ்வரத்தையும் அப்படிச் சுருக்கி ஏற்றிவிட்டு மூலத்தை எறிவதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். பொருளாக இருப்பதாலேயே ஒன்று நிலைத்துவிடாது. எங்கள் வீட்டு ரேடியோகிராமும் தட்டுகளும் 1983 ஜூலைக் கலவரத்தில் வீட்டோடு எரிந்தன. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அப்படி எத்தனை வீடுகள்! தீ இல்லாவிட்டாலும் கொழும்பின் ஈரக்காற்று போதும். கசெட்டை வெளிச்சத்தில் பிடித்து நடு ஜன்னல் வழியே பாருங்கள். சுருளின் ஓரத்தில் மாப்பொடி தூவினாற்போல் வெள்ளையாகத் தெரிந்தால் அது பூஞ்சணம். அந்த நாடாவை நல்ல டெக்கில் போட்டால் பூஞ்சணம், நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்து வரும் கசெட்டுக்கும் தொற்றும். நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சு கழன்றிருந்தால் சத்தம் மங்கலாக, விட்டுவிட்டு வரும், நாடாவில் குறை இல்லாவிட்டாலும்கூட. இது தெரியாமல் "கசெட் பழுது" என்று எறிந்தவர்கள் ஏராளம். பஞ்சை மாற்றுவது பத்து நிமிட வேலை. இறுவட்டும் சாகாவரம் பெற்றதல்ல. வீட்டில் எழுதிய இறுவட்டுகள் பல வாசிக்க முடியாமல் கைக்கு வருகின்றன.

ஸ்ட்ரீமிங்கும் இப்படித்தான். 2023 மார்ச்சில் இந்தியாவின் ஸீ மியூசிக் நிறுவனத்தோடு உடன்பாடு முடிந்ததும் அதன் பாட்டுகள் ஸ்பொட்டிஃபையிலிருந்து ஒரேயடியாக மறைந்தன. சேமித்து வைத்த பட்டியலில் பெயர்கள் சாம்பல் நிறமாகக் கிடந்தன. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது சிக்னலும் சேர்ந்து போனது. அன்று எங்கள் ஒழுங்கையில் பாட்டுக் கேட்டது பற்றரி றேடியோ வைத்திருந்தவர் வீட்டில் மட்டும்தான்.

இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். கொழும்பில் தனிவீடுகளை இடித்துத் தொடர்மாடி கட்டுகிறார்கள். பிள்ளைகள் கனடாவுக்கோ இலண்டனுக்கோ கூப்பிட, பெரியவர்கள் வீட்டைக் காலிசெய்து போகிறார்கள். தளபாடங்களை விற்பார்கள், பாத்திரங்களைக் கொடுப்பார்கள், கசெட் பெட்டி குப்பைக்குப் போகும். "எல்லாம் யூடியூப்பில் இருக்குத்தானே" என்பார்கள். எல்லாம் இல்லை. பெட்டியைத் திறந்து ஒருமுறை பாருங்கள். கடையில் வாங்கிய சினிமாப் பாட்டுக் கசெட்டென்றால் எறிந்தாலும் பெரிய நட்டமில்லை. கையால் பெயர் எழுதிய கசெட்டை எறியாதீர்கள். கோயில் திருவிழா, அரங்கேற்றம், வானொலி நிகழ்ச்சி, ஊர்ப் புலவர் பாட்டு, நாட்டுக்கூத்து, அம்மம்மாவின் தாலாட்டு எதுவானாலும் அது உலகத்தில் அந்த ஒரு பிரதியாக இருக்கலாம்.

பதிந்து எடுப்பது கடினமில்லை. டெக்கின் ஹெட்டைத் துடைத்து, வேகத்தைச் சரிபார்த்து, கணினியில் 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் அளவில் சுருக்காத வேவ் கோப்பாக எடுங்கள். எம்பி3யாக எடுக்காதீர்கள், அதைப் பிறகும் செய்யலாம். இரைச்சலை நீக்கும் மென்பொருளை மூலக் கோப்பில் பாவிக்கவேண்டாம். இரைச்சலோடு சேர்ந்து தம்புராவும் போய்விடும். அட்டையில் எழுதியிருப்பதைப் படம் எடுத்துக் கோப்போடு வையுங்கள். ஒரு பிரதி இங்கேயும் இன்னொன்று வெளிநாட்டில் உள்ள பிள்ளையிடமும் இருக்கட்டும். எடுத்து முடிந்தாலும் நாடாவை வைத்திருங்கள்.

நூலகம் நிறுவனம் 2005 முதல் எங்கள் நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்தி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவருகிறது. ஒலி ஆவணங்களும் அங்கே சேர்கின்றன. கையில் அரிய நாடா வைத்திருப்பவர்கள் அவர்களை அணுகலாம். 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையில் நல்ல நூல்நிலையம் வைத்திருக்கிறது. அங்கே ஒரு மேசையும் ஒரு கசெட் டெக்கும் ஒரு கணினியும் வைத்தால், மாதத்தில் ஒரு சனிக்கிழமை வருகிறவர்களின் நாடாவை அங்கேயே பதிந்து கொடுக்கலாம். சங்கத்தார் சம்மதித்தால் டெக்கைத் திருத்தி, பராமரித்து, பிள்ளைகளுக்குப் பழக்கியும் கொடுக்க நான் தயார். காசு வேண்டாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு இதழில் சிறிய இடம் ஒதுக்கி, வாசகர்கள் வீட்டில் உள்ள உள்ளூர்ப் பதிவுகளின் விபரத்தைக் கேட்டு வெளியிடுங்கள். பாடியவர் அல்லது வாசித்தவர் பெயர், இடம், தெரிந்தால் ஆண்டு, அவ்வளவு போதும். ஒருவரிடம் முதற்பக்கம் மட்டும் இருக்கும், மறுபக்கத்தின் நல்ல பிரதி இன்னொருவரிடம் இருக்கும். பத்திரிகையில் பார்த்தால்தான் ஒருவரையொருவர் அறியமுடியும். என் கடையில் உரியவர்கள் திரும்ப வந்து எடுக்காமல் விட்ட கசெட்டுகளின் பட்டியலைத் தனித்தாளில் இத்துடன் இணைத்திருக்கிறேன். உறையில் எழுதியிருந்ததை எழுதியபடியே கொடுத்திருக்கிறேன். இடமிருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள், உரியவர்களும் அடையாளம் கண்டு வரக்கூடும்.

இப்படிக்கு,
ஒலிக்கருவி திருத்துநர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.