சமசமாஜிகளைப் பற்றி மகளுக்கு

பொகவந்தலாவை,
ஞாயிறு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய துண்டுப்பிரசுரத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தேன். எழுதிய பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். உன் கையும் அதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அந்த நீளமான வசனங்கள் உன்னுடையவை. எட்டாம் வகுப்பிலேயே அப்படித்தான் எழுதுவாய்.

அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. வங்கி விஷயம் முடிந்தது, அதைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம். டொரன்டோ சித்தி போன கிழமை பேசினாள். உன்னைப் பற்றி என்னவோ சொன்னாள். சரி, அது கிடக்கட்டும்.

இலங்கையைப் பற்றி அந்தப் பிரசுரத்தில் ஒரு பத்தி வருகிறது. 1964இல் சமசமாஜக் கட்சி, ட்ரொட்ஸ்கியின் வழியில் வந்த நம் நாட்டு இடதுசாரிக் கட்சி, பிரதமர் ஸ்ரீமாவோவின் அமைச்சரவையில் சேர்ந்தது துரோகம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த நாட்டுக்குப் போய்விட்டீர்கள். துரோகம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் தாத்தாவின் பேத்தி அதை ஒரு வரியில் தாண்டிப் போகக் கூடாது மகள்.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தனைப் பொலிஸ் சுட்டுக் கொன்றபோது தாத்தாவுக்குப் பதினைந்து வயதுகூட நிறையவில்லை. விசாரணைக் கமிஷனில் கோவிந்தனின் மனைவிக்காக எழுந்து நின்று வாதாடியவர் சமசமாஜத் தலைவர்களில் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா. ஒரு சிங்கள அட்வகேட், ஒரு தோட்டத்துத் தமிழனின் சாவுக்கு நியாயம் கேட்டார். அன்றிலிருந்து தாத்தா சமசமாஜி. மார்க்ஸ் எழுதியதில் ஒரு வரிகூட அவர் அப்போது படித்ததில்லை.

யுத்தத்தை எதிர்த்ததற்காக அந்தத் தலைவர்களை வெள்ளைக்காரன் உள்ளே போட்டான். 1942 ஏப்ரலில் கண்டிச் சிறையிலிருந்து தப்பி, கடல் கடந்து இந்தியாவுக்குப் போனார்கள். உயிருக்குப் பயந்து போகவில்லை. இந்தியாவில் புரட்சி வராமல் இந்தச் சின்னத் தீவில் மட்டும் வந்து நிலைக்காது என்பது அவர்கள் கணக்கு. நீ எழுதுகிறாயே, நிரந்தரப் புரட்சி, ஒரு நாட்டோடு நிற்காது என்று, அதை நம்பித்தான் அங்கே போய் இந்தியத் தோழர்களோடு போல்ஷிவிக் லெனினிஸ்ட் கட்சியைக் கட்டினார்கள். யாழ்ப்பாணத்து அந்தோனிப்பிள்ளை மதராஸ் பெரம்பூருக்குப் போய் பின்னி மில் தொழிலாளர்களுக்குத் தலைவரானார், 1947இல் அங்கே பெரிய வேலைநிறுத்தம் நடத்தினார். அவர் மனைவி கரோலின், சமசமாஜத் தலைவர் பிலிப் குணவர்தனவின் தங்கை. சர்வதேசியம் என்று உங்கள் கூட்டங்களில் பேசுகிறபோது இவர்களையும் சொல்லு. அங்கே உள்ள பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுத்திருக்கப் போகிறார்கள்?

1948இல் நம் தோட்டத்து ஜனத்தின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டத்தை இடதுசாரிகள் எதிர்த்து வாக்களித்தார்கள். 1953 ஆகஸ்ட் 12 ஹர்த்தால் உனக்குத் தெரிந்த கதை. அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏறி, அமைச்சரவை துறைமுகத்தில் பிரிட்டிஷ் போர்க்கப்பலில் கூடிய அளவுக்கு நாடே கிளம்பியது. ஒரு நாளோடு தலைவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். தாத்தாவுக்கு அது கடைசிவரை ஆறவில்லை. 1956இல் 'ஒரு மொழி என்றால் இரண்டு நாடு, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு' என்று கொல்வின் பாராளுமன்றத்தில் சொன்னபோது, தாத்தா மறுபடியும் தலை நிமிர்ந்து நடந்தார்.

அப்படிப்பட்ட மனிதர்கள் எப்படி மாறினார்கள்? உங்கள் பிரசுரத்தில் அதற்குப் பதில் இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். 1960 மார்ச் தேர்தலில் ஆட்சியையே பிடிக்கப் போகிறோம் என்று நின்றார்கள், கிடைத்தது பத்து இடம். மொழிச் சமத்துவம் பேசியதற்குச் சிங்கள ஊர்களில் வாக்குப் போயிற்று. நமக்காகப் பேசினால் வாக்கு வரப்போவதுமில்லை, ஏனென்றால் நம்மில் அநேகம் பேருக்கு வாக்கே கிடையாது. நியாயத்தைச் சொல்லி நஷ்டப்படுவது, சும்மா இருந்து மந்திரியாவது, இரண்டில் ஒன்று. 1964 ஜூனில் கட்சித் தலைவர் என்.எம். பெரேரா நிதி மந்திரி ஆனார், ட்ரொட்ஸ்கி தொடங்கிய உலக அமைப்பான நான்காம் அகிலம் கட்சியை வெளியேற்றியது. அதே அக்டோபரில் ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம்: பிரஜாவுரிமை இழந்த நம் ஜனத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. அமைச்சரவையில் சமசமாஜிகள் இருக்கும்போதே! பெரிய மாமா குடும்பத்தைக் கோச்சி ஏற்றிவிட்டு வந்த கதையை அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள், நான் எழுதவில்லை.

1972 அரசியலமைப்பை எழுதியதும் அதே கொல்வின்தான். சிங்களம் ஆட்சிமொழி, பௌத்தத்துக்கு முதன்மை இடம். பெருந்தோட்ட மந்திரியும் அவரே. 1974இல் கோதுமை மா இல்லை, அரிசி இல்லை. பாட்டி மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தட்டில் வைக்கும்போது எங்கள் முகத்தைப் பார்க்கமாட்டாள். கடைசி லயத்துக் கிழவருக்குப் பட்டினியில் கால் இரண்டும் வீங்கியிருந்தது, செத்ததும் ஏதோ வியாதி என்று எழுதிக்கொண்டார்கள். அந்த மாதம் தாத்தா தோட்டத்து ஆபீசுக்குப் போய், செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவில், கட்சிச் சங்கத்தின் சந்தாவை இனிமேல் வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் வழக்கம்போல் தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார்.

அந்தக் கத்தியை அவர் எந்தக் காலத்திலும் கீழே வைத்ததில்லை. சங்கக் கமிட்டித் தலைவராக இருந்தபோதும் பேர் போட்டுவிட்டு மலைக்குப் போனவர். அதனால்தான் துரைக்கு முன்னால் அவர் பேச்சு எடுபட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்று உனக்கே விளங்கும். ஒரு சம்பளத்தில் நின்றுகொண்டு எவ்வளவு வேண்டுமானாலும் போராடு. உன்னோடு வேலை செய்கிறவர்கள் நடுவில் இருந்து பேசு. வேலையை மட்டும் விடாதே.

உங்கள் ஆட்களை நான் குறை சொல்லவில்லை. நீ பனியில் நின்று பத்திரிகை விற்கும் படத்தைப் பக்கத்து வீட்டு டீச்சருக்கும் காட்டினேன், பெருமையாகத்தான் காட்டினேன். ஒன்றை மட்டும் கவனி. யாருடைய கஷ்டத்தைச் சொன்னால் உங்கள் கூட்டத்துக்கு ஆள் குறையுமோ, அதைச் சொல்கிறார்களா என்று பார். அகதிகளைப் பற்றியோ, வேறு யாரைப் பற்றியோ, இப்போது வேண்டாம், தேர்தல் முடியட்டும் என்று யாராவது சொன்னால் எழுந்து கேள். தாத்தா கட்சிக்குள் கேட்கவில்லை, சந்தாவை நிறுத்தினார். நீ கேட்கலாம், உனக்குப் படிப்பு இருக்கிறது.

ஆனால் கோல் எடுத்தால் பதில் சொல்லாமல் இருப்பது என்ன பழக்கம்? தோழர்களுக்கெல்லாம் நேரம் இருக்கிறது. வவுனியாவுக்குப் போன சித்தப்பாவும் முதலில் கடிதம் எழுதுவதைத்தான் நிறுத்தினார். உன் அம்மா அவர் பேரை எடுப்பதில்லை, ஆனால் ஃபோனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுக்கிறாள். நேரத்துக்குச் சாப்பிடு. வேலையை விடாதே.

சித்தி சொன்னது உண்மையா? ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டுக் கட்சிக்கு முழுநேரமாகப் போய்விட்டாயா? அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. ஆமாம் என்றாலும் எழுது. அப்படியானால் அறை வாடகைக்கு என்ன செய்கிறாய் என்பதையும் சேர்த்து எழுது. பென்ஷன் பத்தாம் திகதி வரும்.

அன்புடன்,
அப்பா