காப்பாற்றிய மாட்டை அப்புறம் யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலூர் - புதுச்சேரி சாலையில் மாடு அடிபட்டுக் கிடந்தால் இப்போதெல்லாம் யாராவது ஒருத்தர் வண்டியை நிறுத்திவிட்டு 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணுக்குப் போன் போடுகிறார்கள், ஆம்புலன்ஸ் வருகிறது, ஊசி போட்டுக் கட்டுக் கட்டுகிறார்கள். நல்ல விஷயம், இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உயிர் பிழைத்த அந்த மாடு இனிமேல் நாலு காலில் நடக்காது என்று தெரிந்த பிறகு அது எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. மாட்டுக்காரர் வர மாட்டார். கோசாலையில் கேட்டால் இடமில்லை என்கிறார்கள், இடம் இருந்தாலும் எழுந்து நிற்க முடியாத மாட்டைப் பார்க்க ஆளில்லை என்கிறார்கள். ஆடு, கோழி என்றால் பேச்சே கிடையாது. அடிமாட்டு வண்டிதான் அடுத்த வழி, அல்லது ஏதாவது கோயில் வாசலில் ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டிவிட்டுப் போய்விடுவது.

பாகூர் பக்கம் ஒரு தோப்பில் இந்த மாதிரி கைவிடப்பட்டவற்றை மட்டும் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு குடும்பம் இருக்கிறது. லீவு நாளில் போய்க் கூடமாட வேலை செய்வது என் வழக்கம். பெயரும் ஊரும் எழுத வேண்டாம் என்று அந்த அக்கா கேட்டுக்கொண்டார், எழுதினால் விடிவதற்குள் வாசலில் நாலு கன்று கட்டியிருக்கும் என்ற பயம், நியாயமான பயம்தான். பின்னங்கால் ஒன்று இல்லாத காளைக்கன்று, இரண்டு கண்ணும் தெரியாத வெள்ளாடு, முன்னங்கால் மடங்கிப்போய் முட்டி போட்டே நடக்கிற குட்டி, கறிக்கென்றே கிடுகிடுவென எடை போட வளர்த்ததில் சொந்த உடம்பைத் தாங்க முடியாமல் கால் விரிந்துபோன பிராய்லர் கோழிகள் என்று ஒரு கூட்டமே இருக்கிறது.

அங்கே ஒரு கலப்பினப் பசு. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்து, சாத்தனூர் அணையும் திறந்து தென்பெண்ணை பெருக்கெடுத்தபோது சேற்றில் சிக்கி மீட்கப்பட்டது. பின்னங்கால் நரம்பு போய்விட்டது, தானாக எழுந்திருக்க முடியாது. முன்னூறு நானூறு கிலோ உடம்பு, ஒரே பக்கமாக மணிக்கணக்கில் கிடந்தால் அதன் எடையே அடியில் இருக்கும் காலை நசுக்கி, ரத்த ஓட்டம் நின்று சதை செத்துப்போகும். அதனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும், ராத்திரியிலும்தான். தலைப்பக்கம் ஒருத்தர், கொம்பைப் பிடிக்காமல் தாடையைத் தாங்கிக்கொள்ள வேண்டும், இன்னும் இரண்டு மூன்று பேர் காலை மடக்கி, வயிற்றுக்கு அடியில் சாக்கைக் கொடுத்து இழுத்தால்தான் புரளும். புரட்டின கையோடு நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி, இரண்டு பக்கமும் வைக்கோல் அடைத்த மூட்டையை முட்டுக் கொடுக்க வேண்டும். மல்லாந்தோ ஒருக்களித்தோ விட்டுவிட்டால் ஏப்பம் வெளியே வராமல் வயிறு உப்பி மூச்சு முட்டிச் செத்துவிடும். அப்புறம் பக்க எலும்பு துருத்தும் இடத்தில் படுக்கைப்புண் வந்திருக்கிறதா என்று பார்த்து, ஈ மொய்க்காமல் மருந்து போட வேண்டும். இவ்வளவையும் தாங்கிக்கொண்டு அந்தப் பசு மல்லாட்டை (நிலக்கடலை)க் கொடியைப் போட்டதும் தலையைத் தூக்கிக்கொண்டு நறநறவென்று தின்கிறது பாருங்கள், அதைப் பார்த்த யாருக்கும் இதை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றாது.

கண் தெரியாத வெள்ளாட்டுக்கு வேறு மாதிரி கவனிப்பு. தண்ணீர்த் தொட்டி, தீவனத் தட்டு, படுக்கும் இடம் எதையும் மாற்றக் கூடாது, அது எல்லாவற்றையும் காலடியால் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. ஒருநாள் கழுவுவதற்காகத் தொட்டியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தோம், ஆடு பழைய இடத்திலேயே வந்து நின்று கத்திக்கொண்டிருந்தது. மூன்று கால் கன்றின் கழுத்தில் மணி கட்டியிருக்கிறார்கள், மேயப் போகும்போது அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே இந்த ஆடும் போய்விடுகிறது.

மூன்று காலில் எல்லா விலங்கும் ஒரே மாதிரி சமாளிக்காது. ஆடு உடம்பு லேசு, சீக்கிரம் பழகிவிடும். மாட்டுக்கு உடம்பு எடையில் ஏறக்குறைய அறுபது சதவீதம் முன்னங்காலில்தான் இறங்குகிறது, அதனால் பின்னங்கால் போன கன்று பிழைத்துக்கொள்ளும், வளர்ந்த மாட்டுக்கு முன்னங்கால் போனால் ரொம்பக் கஷ்டம், மிச்சமிருக்கும் கால் வருஷக்கணக்கில் சுமை தாங்கிக் குளம்பு வீங்கிவிடும். பிழைக்கவே வழியில்லாமல் வலியில் துடிக்கிற மாட்டைக் கருணைக் கொலை செய்வதை நான் எதிர்க்கவில்லை. 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் தின்று, அசை போட்டு, கூட்டத்தோடு படுத்துக்கொள்ள ஆசைப்படுகிற விலங்கை "பால் கறக்காது, விற்க முடியாது" என்று கணக்குப் போட்டு முடித்துவிடுவது வேறு. அதே சட்டத்தின் 11-ஆவது பிரிவில், பட்டினியாலும் தாகத்தாலும் தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவது குற்றம்தான், ஆனால் முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். ஒரு கட்டு வைக்கோல்கூட அந்தப் பணத்துக்கு வராது, யார் பயப்படுவார்கள்?

இதெல்லாம் நடக்காத காரியம் என்று சொல்பவர்கள் உதய்பூரைப் பார்க்கட்டும். 2002-இல் தொடங்கிய அனிமல் எய்ட் அன்லிமிடெட் என்ற அமைப்பு அங்கே ஊனமுற்ற மாடு, கழுதை, ஆடுகளை ஆயுசு முழுக்க வைத்துப் பராமரிக்கிறது. ஜெய்ப்பூரில் தபேஷ் மாத்தூர் என்ற கால்நடை மருத்துவர் மாடுகளுக்குச் செயற்கைக் கால் செய்து பொருத்துகிறார். அமெரிக்காவில் 1986-இல் பென்சில்வேனியா சந்தை ஒன்றில் பிணக்குவியலில் உயிரோடு கிடந்த ஹில்டா என்ற செம்மறி ஆட்டைத் தூக்கி வந்ததில் தொடங்கியது ஃபார்ம் சாங்சுவரி என்ற பண்ணை விலங்குக் காப்பகம். அந்த ஆடு அதற்கப்புறம் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தது. 1867-இல் மூட்டிய அடுப்பு அணையாமல் எரிகிற வடலூரை வைத்துக்கொண்டிருக்கிற நம் மாவட்டத்துக்கு இது முடியாதா?

நான் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. புதுச்சேரி குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எட்டிப்போகிற தூரத்தில் புறம்போக்கோ பண்ணை நிலமோ கொஞ்சம் ஒதுக்கி, மண் தரையோடு ஒரு கொட்டகை, மாட்டைத் தூக்கி நிறுத்தப் பெல்ட்டும் சங்கிலிக் கப்பியும், ராத்திரி ஷிப்ட்டுக்குச் சம்பள ஆள், இவ்வளவு போதும். கல்லூரிப் பிள்ளைகள் வந்து பார்த்தால் அவர்களுக்கும் படிப்பு, ஏனென்றால் கால் போன மாட்டை மாசக்கணக்கில் பராமரிப்பது எப்படி என்று ஒரு வாரம் வார்டில் நின்று கற்றுக்கொள்ள முடியாது. தமிழ்நாடு அரசும் புதுவை அரசும் எல்லை எங்கே என்று பார்க்காமல் சேர்ந்து செய்ய வேண்டும், அடிபடுகிற மாடு ரெட்டிச்சாவடி தாண்டியதும் வேறு மாடு ஆகிவிடுவதில்லை.

ஆடு வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முட்டி போட்டு நடக்கிற குட்டிகளில் நிறைய, பிறந்தபோது தொப்புள்கொடி வழியாகக் கிருமி ஏறி மூட்டில் சீழ் கோத்தவை. குட்டி போட்டவுடன் சுத்தமான பிளேடால் கொடியை நறுக்கி டிங்சர் அயோடின் தொட்டு வைத்து, சீம்பாலைத் தாமதிக்காமல் குடிக்க விட்டால் பெரும்பாலும் இது வராது. ஒரு பாட்டில் டிங்சர் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும்.

இந்த மாதிரி இடங்களுக்குப் போகிறவர்கள் புண்ணியம் என்று நினைத்து வெண்பொங்கல், சாதம், அரிசி என்று வாளி வாளியாகக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டாம். மாட்டுப் பொங்கல் சமயத்தில் இதைத் தின்று வயிறு புளித்து மாடு செத்த கதை எல்லாக் கால்நடை மருத்துவருக்கும் தெரியும், பிழைத்தாலும் குளம்பு வீங்கும், ஏற்கெனவே நொண்டுகிற மாட்டுக்கு அது போதும். வைக்கோலோ மல்லாட்டைக் கொடியோ வாங்கிக் கொடுங்கள், பழைய கோணிச் சாக்கு, காட்டன் புடவை கொடுங்கள். முடிந்தவர்கள் புரட்டிப் போட ஒரு கை கொடுங்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் அங்கே ஆள் பற்றாக்குறை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ரெட்டிச்சாவடி, கடலூர் மாவட்டம்