ஆறு என்று எழுதாதே, மகள்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பு மகளுக்கு,

நேற்று கதைக்கும்போது, "கொன்ஃபிக் ஃபைலைப் பிறகு பார்க்கலாம் அப்பா" என்றாய். அதற்குப் பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. புரோகிராமின் அமைப்புகளை எழுதி வைக்கும் அந்த ஃபைலை முதல் நாளே செய், பிள்ளை.

1996இல் மழையில்லாமல் மின்வெட்டு. மே மாதம் நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள், ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தார்கள். கிரீன்விச்சுக்கு ஆறு மணித்தியாலம் முன் என்று பத்து வருசம் அப்படியே கிடந்தது. அதை நம்பி, நான் வேலை செய்த இடத்தில் அந்த 'ஆறை' புரோகிராமுக்குள்ளேயே எழுதிவிட்டோம், கண்ட கண்ட இடமெல்லாம். 2006 சித்திரைப் புத்தாண்டோடு நேரம் பழைய ஐந்தரைக்குத் திரும்பியது. எங்கள் பற்றுச்சீட்டுகளில் மட்டும் அரை மணித்தியாலம் கூட விழுந்தது. ஒவ்வொரு ஆறாகத் தேடித் திருத்தினோம். கூட்டல் கணக்கில் வந்த ஆறு எது, நேரத்துக்கு வந்த ஆறு எது என்று பிரிக்கவே இரவுகள் போயின. அப்பா பிந்தி வந்த அந்தக் கிழமை உனக்கு நினைவிருக்குமோ தெரியாது.

அதனால் நேரத்தை எண்ணாக எழுதாதே, ஊர்ப்பெயராக எழுது: 'ஏசியா/கொலம்போ', 'யூரோப்/ஒஸ்லோ'. 1996இன் மாற்றமும் 2006இன் மாற்றமும் கணினியின் நேரப் பட்டியலில் கொலம்போ என்ற பெயருக்குள்ளேயே பதிவாகி இருக்கின்றன. எழுதுவதும் ஒரே ஃபைலில், ஒரே தரம்.

கொன்ஃபிக் ஃபைல் எழுதும் வடிவங்களில் ஒன்றான யாமலில் எழுதப்போகிறாய் என்றால் வரியைத் தள்ள டாப் அடிக்காதே, ஸ்பேஸ்தான். நோர்வேயின் நாட்டுக்குறி 'என்ஓ'வை மேற்கோளுக்குள் போடு. போடாவிட்டால், யாமலின் 1.1 விதிப்படி ஃபைலை வாசிக்கும் லைப்ரரி (ஆயத்தமாகக் கிடைக்கும் கோட்) அதை 'நோ' என்று எடுத்து ஃபோல்ஸ், அதாவது 'இல்லை', ஆக்கிவிடும். 2009இல் வந்த 1.2 அதை மாற்றியதுதான், ஆனாலும் பழைய விதியில் நிற்கிற லைப்ரரிகள் இன்னும் பாவனையில் இருக்கின்றன. நீ வாழும் நாடே உன் ஃபைலில் 'இல்லை' என்று ஆகக் கூடாது.

டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் இந்த ஃபைலில் வேண்டாம். அதைத் தனியாக, இரகசியங்களுக்கான டொட் என்வி ஃபைலில் வை. கோட்டின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட்டில் முதல் கொமிட்டுக்கு (பதிவுக்கு) முன்பே, கிட் விட்டுவிட வேண்டிய ஃபைல்களின் பட்டியலான கிட் இக்னோரில் அதன் பெயரைச் சேர். ஒருமுறை கிட்டுக்குள் போனால், பிறகு அழித்தாலும் வரலாற்றில் நிற்கும். அப்படி நடந்தால் மறைக்கப் பார்க்காதே, உடனே பாஸ்வேர்டை மாற்று. பெயர்கள் மட்டும் இருந்து பெறுமதிகள் வெறுமையான ஒரு மாதிரி ஃபைலும் வை. உனக்குப் பிறகு வரும் பிள்ளை எதை நிரப்புவது என்று தடுமாறக் கூடாது.

அந்த வெற்று மாதிரி ஃபைலை எனக்கு அனுப்பு, ஒருக்கால் பார்த்துச் சொல்கிறேன். ஞாயிறு கோல் எடு, அம்மா பார்த்துக்கொண்டிருப்பா. இப்போது நமக்குள் மூன்றரை மணித்தியாலம். ஒக்டோபர் கடைசியில் நாலரை ஆகிவிடும்.

அன்புடன்,
அப்பா