கிரேட் டிக்ஸ்டரின் புல் சும்மா வளர்வதில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் கிரேட் டிக்ஸ்டர் மாளிகை, அதன் தோட்டம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் இரண்டு இடங்கள் இடறின. வீடு 'ஐந்நூறு ஆண்டுகளாகக் கைபடாதது' என்பது ஒன்று. முன்புறப் புல்வெளியை 'இயற்கையின் போக்கில் விட்டுவிட்டார்கள்' என்பது மற்றொன்று.

வீட்டை முதலில் முடித்துவிடலாம். கிழக்கு சஸ்ஸெக்ஸில் நார்தியம் கிராமத்தில் உள்ள அந்த மாளிகையில் பெரிய கூடமும் அதை ஒட்டிய பகுதியும்தான் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 1910இல் நதானியல் லாய்ட் வாங்கியபோது, பிற்காலத்தார் கூடத்துக்குள் தளம் போட்டுத் தடுத்து அறைகளாக்கியிருந்தார்கள். கட்டடக் கலைஞர் எட்வின் லுட்யன்ஸ் அதையெல்லாம் பிரித்தெறிந்து, கூரை வரை திறந்துவிட்டார். கென்ட்டில் உள்ள பெனென்டனில் பாழடைந்து கிடந்த 16ஆம் நூற்றாண்டு மரச்சட்ட வீட்டைக் கழற்றிக் கொண்டுவந்து பின்புறம் பூட்டினார். இரண்டையும் இணைக்கும் பகுதி அவரே புதிதாகக் கட்டியது. ஆக, ஒன்று அல்ல, மூன்று வீடு. இந்த வேலை முடிந்த 1912இல்தான் புது டெல்லிக்கு இடம் பார்க்க அவர் இந்தியா வந்தார்.

புல்வெளிக்கு வருவோம். நதானியலின் மனைவி டெய்சி தொடங்கிவைத்து, மகன் கிறிஸ்டோபர் 2006இல் இறக்கும்வரை பேணியது அது. பூக்கள் நிறைந்த புல்வெளிக்கு முதல் எதிரி உரம். மண்ணில் சத்து ஏறினால் முரட்டுப் புல் தழைத்துப் பூச்செடிகளை அமுக்கிவிடும். ஏப்ரலில் கட்டம் போட்ட இதழோடு தலை கவிழ்ந்து நிற்கும் ஃபிரிட்டிலரி, பின்னால் ஆர்க்கிட் என்று எல்லாம் பூத்து விதை உதிர்ந்தபின், ஆகஸ்ட் வாக்கில்தான் அறுப்பு. ஜூனிலேயே அரிவாள் வைத்தால் ஆர்க்கிட் விதையில்லாமல் போகும். அறுத்த புல்லைச் சில நாள் காயவிட்டுப் புரட்டி, மிச்ச விதையும் கொட்டியபின் துரும்பு விடாமல் அள்ளி வெளியேற்ற வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான். அங்கேயே மக்கவிட்டால் எடுத்த சத்து மண்ணுக்கே திரும்பும். சில ஆண்டுகளில் புல்லும் முட்செடியும்தான் மிஞ்சும். குளிருக்கு முன் இன்னொரு முறை ஒட்ட வெட்டினால்தான் வசந்தத்தில் கிழங்குப் பூக்கள் கண்ணில் படும்.

புல்லின் கொட்டத்தை அடக்க 'எல்லோ ராட்டில்' என்ற ஓராண்டுச் செடி உண்டு. காய்ந்த காயை ஆட்டினால் விதை கிலுகிலுக்கும், அதனால் அந்தப் பெயர். புல்லின் வேரில் தன் வேரைச் செருகி உறிஞ்சும். நம் கரும்பிலும் சோளத்திலும் சுடுமல்லிக் களை பார்க்கிற அதே வேலை, இரண்டும் ஒரே குடும்பம். விதைக்க சதுர மீட்டருக்கு ஒரு கிராம் போதும். ஆனால் புல்லை ஒட்ட வெட்டி, மண் தெரியும்படி நன்றாகக் கீறிவிட்டு, அந்த ஆண்டு விதையை இலையுதிர் காலத்திலேயே தூவ வேண்டும். சில மாதக் குளிர் படாமல் முளைக்காது. பழைய விதையை வசந்தத்தில் போட்டுவிட்டு 'முளைக்கவே இல்லை' என்று புலம்பிப் பயனில்லை.

1993இல் கிறிஸ்டோபர் ரோஜாத் தோட்டத்தைப் பிடுங்கிவிட்டு வாழையும் கல்வாழையும் வைத்ததைக் கட்டுரை வெறும் குறும்பு போலச் சொல்கிறது. பல ஆண்டு ரோஜா நின்ற மண்ணில் புது ரோஜா தேறாது. அதுவும் ஒரு காரணம். அங்கே வைத்தது ஜப்பானிய வாழை, அதன் பழம் தின்ன ஆகாது. குளிர்காலத்தில் தண்டைச் சுற்றிப் பெரணி இலை திணித்துக் கட்டுகிறார்கள்.

யூ என்ற ஊசியிலை மர வேலிகளைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிதான். இந்த வேலியைச் செங்குத்தாக வெட்டக்கூடாது. அடி அகலமாகவும் மேலே போகப்போகக் குறுகலாகவும் இருந்தால்தான் கீழ்க்கிளைக்கு வெயில் படும். இல்லையென்றால் அடி மொட்டையாகிவிடும். அப்படிக் கெட்டாலும் வழி உண்டு. பெரும்பாலான ஊசியிலை மரங்களைப் போலன்றி யூ பழைய கட்டையிலிருந்தும் துளிர்க்கும். ஒரு பக்கத்தை அடிமரம் வரை கவாத்து செய்து, அது தழைத்தபின் மறுபக்கம். இரண்டையும் ஒரே ஆண்டில் வெட்டினால் மரம் தாங்காது. நீர் தேங்கும் களிமண்ணிலும் வேர் அழுகிச் சாகும். கவாத்துக் கழிவு மாட்டுக்குக் கொடிய விஷம். கொல்லைப்பக்கம் கொட்டுகிற சமாச்சாரம் இல்லை.

நீங்கள் அச்சிட்ட படத்தில் மயில் வடிவில் வெட்டிய யூ மரங்களின் வால் பிசிறு பிசிறாகத் தெரிகிறது. அது பராமரிப்புக் குறை அல்ல. ஆண்டுக்கு ஒரே ஒரு கவாத்து, அதுவும் கோடை முடிவில்தான். படம் அதற்கு முன்னால் எடுத்தது.

— வாசகர், கோத்தகிரி