ஆனிப் பூரணை

அன்பு மகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை கதைக்கும்போது "என்னம்மா, முகம் தெளிஞ்சு கிடக்கு" என்று கேட்டாய். நான் மழையைப் பற்றிக் கதைத்துச் சமாளித்துவிட்டேன். அது பிழை. சின்னம்மா ரொறன்ரோவுக்குக் கோல் எடுத்துச் சொல்வதற்கு முன் நானே உனக்குச் சொல்லவேண்டும்.

எனக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது. எனக்கு 51 வயது, அவருக்கு 39.

பக்கத்து வளவின் எல்லையை அளக்க வந்த நில அளவையாளர். யாழ்ப்பாணத்துக்காரர். "அக்கா, கொஞ்சம் தண்ணி தாங்கோ" என்றுதான் முதலில் கேட்டார். மாமரத்துக்குக் கீழே நின்று செம்பை அண்ணாந்து குடித்தார். தொண்டைக்குழி ஏறி இறங்கியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்க்கிறேன் என்று எனக்கே தெரிந்தும் கண்ணை எடுக்கவில்லை. அளவு வேலை முடிந்த பிறகும் வந்துபோனார். மூன்றாம் மாதம் 'அக்கா' நின்றுபோனது.

ஊர் என்ன சொல்லும் என்று தெரியும். வெளியூர் ஆம்பிளையை மட்டக்களப்பாள் பாயோடு ஒட்டவைத்துவிட்டாள் என்பார்கள். மந்திரமும் இல்லை, மருந்தும் இல்லை மகள். கையை முதலில் பிடித்தது நான். நான் பிடித்திருக்காவிட்டால் அவர் இன்னும் செம்பில் தண்ணீர்தான் கேட்டுக்கொண்டிருப்பார்.

அப்பாவைக் கடல் கொண்டுபோன 2004 மார்கழி 26உம் ஒரு பூரணை. அதற்குப் பிறகு இருபது வருடமாகப் பூரணை இரவுகளில் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் படுத்தேன். வாவிப் பக்கம் போனதே இல்லை. இந்த ஆனிப் பூரணைக்கு, தோணியில் போவோமா என்று நானாகவே கேட்டேன்.

அம்மம்மா பிறக்கும் முன்பே கட்டிய அந்தப் பழைய கல்லடிப் பாலத்துக்குக் கிட்டத் தோணியை நிறுத்தினோம். துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, மறு நுனியில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்று அம்மம்மா உனக்கும் சொல்லித் தந்திருக்கிறார். இருந்தது ஒரு துடுப்பு. மாறி மாறிக் காது வைத்தோம். நரம்பை மீட்டிவிட்டுக் கையை எடுத்த பிறகும் நிற்குமே ஒரு ரீங்காரம், அப்படி. அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். சேர்ட் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. அந்த ஈரத்தின் மேல் கையை வைத்தேன். அவர் திரும்பவில்லை, மூச்சு மட்டும் நின்று வந்தது. பிறகு அவருடைய கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

அன்று இரவு நில்லுங்கள் என்று சொன்னதும் நான்தான்.

ஒரு தாய் மகளுக்கு எழுதக்கூடிய அளவுக்கு எழுதுகிறேன். லைற்றை அணைக்கச் சொல்லவில்லை. இருபது வருடமாக யாரும் பார்க்காத உடம்பு, அதை மறைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நீ பிறந்தபோது வெட்டிய தழும்பின் மேல் உள்ளங்கையை வைத்து, "இது நோகுமா?" என்று கேட்டார். நோகாது என்று சொல்லி அந்தக் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவர் அவசரப்பட்டார், பொறுங்கள் என்றேன். பொறுத்தார். எனக்கு என்ன வேண்டும் என்பதை வாய்திறந்து சொன்னேன். அப்பாவிடம் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அவர் கேட்காத மனிதர் இல்லை, எனக்குத்தான் அப்போது அந்த வாய் இல்லை.

விடியும்போது கடற்கரையில் வள்ளங்களின் இஞ்சின் சத்தம் கேட்டது. எனக்கு அழுகை வரவில்லை, பசித்தது. ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, இரண்டு பேரும் விறாந்தையில் இருந்து சாப்பிட்டோம். ஜன்னல் திறந்தே கிடந்தது.

அப்பாவின் படம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. காலையில் பூ வைக்கிறேன். அவரும் அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார்.

வீடு பற்றி யாரும் உன்னைக் குழப்பவேண்டாம். அம்மம்மா எனக்குச் சீதனமாக எழுதியது, நான் உனக்கு எழுதுவேன். எங்கள் பக்கத்தில் வீடு தாயிடமிருந்து மகளுக்குத்தான். கலியாணம் எழுதுவதா இல்லையா என்று நாங்கள் இன்னும் கதைக்கவில்லை. எனக்கு அவசரமும் இல்லை.

சின்னம்மா நேற்று வந்து, "மகள் என்ன நினைப்பாள் என்று யோசித்தாயா?" என்று கேட்டாள். யோசித்தேன். எட்டு வயதில் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு முகாமில் படுத்த பிள்ளை நீ. உனக்குக் கோபம் வந்தால் என்னிடமே காட்டு. கதைக்காமல் மட்டும் இருந்துவிடாதே.

மார்கழியில் அப்பாவின் திவசத்துக்கு வருவாய் அல்லவா? நீ வரும்போது அவர் வீட்டில் நிற்கட்டுமா, இரண்டு நாள் கழித்து வரட்டுமா? அதை நீ சொல். மற்றதை நான் முடிவெடுத்துவிட்டேன்.

அன்புடன்,
அம்மா