பாக்கெட் ஒரு லிட்டருக்கு

டேய் பியூரெட்டு,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்பத்தான் பதில். திட்டணும்னா முழுசாப் படிச்சிட்டுத் திட்டு. அதைவிடப் பெரிய விஷயம் உள்ளே இருக்கு.

போன வாரம் ராத்திரி அம்மாவுக்கு வயித்துப்போக்கு. ஓடிப்போய் ஓஆர்எஸ் (தண்ணில கரைச்சுக் குடிக்கிற உப்பு-சர்க்கரைப் பொடி) பாக்கெட் வாங்கிட்டு வந்து, ஒரு டம்ளர் தண்ணில முழுசையும் கொட்டிக் கலக்கிக் குடுத்துட்டேன். ரெண்டு வாய் குடிச்சதும் அம்மா, "என்னடா இப்படிக் கரிக்குது?"ன்னுச்சு. "மருந்துன்னா அப்படித்தான்"னு அதட்டுறேன். பொண்ணு (ப்ளஸ் ஒன் வந்துட்டா) குப்பைக்கூடையிலேர்ந்து கவரை எடுத்துப் பார்த்துட்டு, "அப்பா, இது ஒரு லிட்டருக்கு"ன்னா.

200 மில்லி டம்ளர்டா! அஞ்சு மடங்கு.

அம்மா இப்ப நல்லா இருக்கு. எனக்குத்தான் அன்னிக்குத் தூக்கமே வரல. எழுந்து கணக்குப் போட்டேன். கவர்ல போட்டிருக்கிறபடி சோடியம் குளோரைடு 2.6 கிராம், அதோட மோலார் நிறை 58.5ஆல வகுத்தா 44 மில்லிமோல் சோடியம். சோடியம் சிட்ரேட் 2.9 கிராம், மோலார் நிறை 294, ஒவ்வொண்ணுலயும் மூணு சோடியம். அது ஒரு 30. ஆக லிட்டருக்கு 75 பக்கம். என் டம்ளர்ல 375! ரத்தத்துலயே 140தான், கடல்தண்ணில 470. பெத்தவளுக்கு முக்கால் கடலைக் கரைச்சுக் குடுத்திருக்கேன். முழுசாக் குடிச்சிருந்தா, உடம்புல மிச்சமிருந்த தண்ணியையும் அது குடலுக்குள்ள இழுத்திருக்கும். லேப்ல பியூரெட்டுலேர்ந்து சொட்டுச் சொட்டா விட்டு, நிறம் மாறினதும் நிறுத்த வேண்டிய டைட்ரேஷன்ல, நீ இளஞ்சிவப்பைத் தாண்டிச் செக்கச்செவேல்னு ஆக்கினப்ப விழுந்து விழுந்து சிரிச்சவன் நான். இப்ப நீ சிரி.

இதுல கொடுமை என்னன்னா, முந்தின நாள்தான் பொண்ணை வாயுக் கணக்குக்காகக் கத்தியிருந்தேன். அழுத்தம் மாறாம 27 டிகிரி 54 ஆனா பருமன் ரெட்டிப்பாகும்னு எழுதியிருந்தா. "கெல்வின் எங்கடி? 273 கூட்டினா 300 வெறும் 327 ஆகுது, கூடுறது நூத்துக்கு ஒம்பது. ரெட்டிப்பாகணும்னா 327 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சூடாக்கணும். அலகைப் பார்க்காமக் கணக்குல கை வைக்காதே!" இப்ப கடைசி வரியை அப்படியே எனக்குத் திருப்பிச் சொல்றா. கவரைச் சமையலறைச் சுவத்துல ஒட்டி, '1 லிட்டர்'ங்கிறதைச் சிவப்புல வட்டம் போட்டு வச்சிருக்கா.

நேத்து அம்மா வெந்நீர் கேட்டுச்சு. "பாட்டி, ஒரு லிட்டர், 30லேர்ந்து 100க்கு 293 கிலோஜூல் வேணும்"னா. "கொதிச்சாக் கொண்டா, போதும்"னுட்டுச்சு அம்மா.

உங்க வீட்ல எல்லாரும் சௌக்கியமா? உடைஞ்ச பிப்பெட்டுக்கு உன் பங்குக் காசு இன்னும் வரல.

உன் பெஞ்சுக்காரன்